அச்சேறியதெல்லாம் ஆதாரமாமோ?

ஆராய்ச்சிக் கட்டுரையைக் கையிலெடுப்போருட் பலர் அதன் தலைப்பையும் முடிவுரையையும் மட்டும் நோக்கி அமைகின்றனர். புகழ்பெற்ற பத்திரிகையில் வெளிவந்தது என்னும் ஒன்றே அவர்க்குப் போதிய சான்றாகின்றது. மருத்துவத் துறையில் இப்பழக்கம் உயிர்க்கே ஊறு விளைப்பதாதலின், இதுகுறித்துச் சில கூற விரும்புகின்றோம்.

மாரடைப்பினின்று பிழைத்தோரில், இதயத்துடிப்பு அடிக்கடி பிறழ்வோர் திடீரென இறத்தல் மிகுதி. ஆகவே, துடிப்பைச் சீராக்கும் மருந்து மரணத்தையும் தடுக்குமென மருத்துவர் பலர் கருதினர். மருந்துகள் துடிப்பைச் சீராக்கியதும் மெய்யே. பின்னர் நிகழ்ந்த பெருஞ்சோதனையொன்றில், அம்மருந்துகளாற் சீரடைந்தவரையே இரு சாராராக வகுத்தனர். என்கைனைடு, ஃபிளெக்கைனைடு என்பவற்றுள் ஒன்றைப் பெற்ற 755 பேரில் 63 பேர் மாண்டனர். மருந்தற்ற போலிக் குளிகை பெற்ற 743 பேரில் மாண்டோர் 26 பேரே. 1989-இல் அம்மருந்துகளைக் கொடுப்பது நிறுத்தப்பட்டது. 1991-இல் இவ்வெண்கள் வெளிவந்தன. முன்னைய கட்டுரைகள் பொய்யுரைத்தில. அவை அளந்தது துடிப்பை. நோயாளி வேண்டியதோ உயிரை. இவ்வேற்றுமையை வினவாமையே கேடாய் முடிந்தது.

எனவே, அளக்கப்பட்டது யாது என்பது முதல் வினா. ஒப்புநோக்கிய இரு சாராரும் எவ்வாறு பிரிக்கப்பட்டனர் என்பது இரண்டாவது. ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைக் காசநோயாளர் 107 பேரிடம் ஆராய்ந்து 1948-இல் வெளியிட்ட பிரிட்டிஷ் அறிஞர், எவர்க்கு மருந்தென்பதை மருத்துவர் விருப்பிற்கு விடாது, தற்செயல் எண்முறையால் வகுத்து முத்திரையிட்ட உறைகளில் வைத்தனர். எக்ஸ்ரே படங்களை மதிப்பிட்டோரும் எவர் மருந்து பெற்றார் என்பதறியார். விருப்பும் வெறுப்பும் முடிவைத் திரிக்காவண்ணம் இட்ட வேலி இது. பயனின் அளவு எத்துணை என்பது மூன்றாவது. இறப்புப் பாதியாயிற்று எனின், நூற்றுக்கு 40 என்பது 20 ஆயிற்றோ, 2 என்பது 1 ஆயிற்றோ? இரண்டும் பாதியே, பயன் ஒன்றன்று.

இங்ஙனம் வினவப் புகின் எதனையும் நம்பவொண்ணாதே என்பாருமுளர். அற்றன்று. எல்லாவற்றையும் நம்புதலும் எல்லாவற்றையும் மறுத்தலும் ஒன்றே. இரண்டிற்கும் உழைப்பு வேண்டா. சலித்தெடுத்தபின் எஞ்சுவதே நம்பத்தக்கது.

ஆதலின், மாதமொரு கட்டுரையை ஆசிரியரும் மாணாக்கரும் கூடியிருந்து, முடிவுரையை மூடிவைத்து, செய்முறைப் பகுதியினின்று படித்து வருதல் நலமென்பது எமது கருத்து. இன்று வினவக் கற்கும் மாணவன் நாளை மருந்தெழுதும் கையுடையவனாகலாம். அக்கையை நம்பிப் படுத்திருப்போர்க்கு நாம் செய்யக்கூடிய கடன் இதுவே.