வீட்டு விளையில் நஞ்சு வேண்டா

பத்மநாபபுரத்து அரண்மனையைக் காணச் சென்றோர் ஊட்டுப்புரையைக் கண்டு வியவாதிரார். மேற்றளத்தில் ஆயிரவர், கீழ்த்தளத்தில் ஆயிரவர் என ஈராயிரவர்க்கு அங்கே ஒருங்கே உணவிட்டனர் என்பர். அந்நீண்ட கூடத்தில் நிற்குந்தோறும் எமக்கு வேறொரு நினைவே எழும். இத்துணைப் பேருக்கும் வேண்டிய தடியங்காயும் வழுதலங்காயும் சேனையும் எங்கிருந்து வந்திருத்தல் கூடும்? அந்நாளில் லாரியும் இல்லை, குளிர்பதன அறையும் இல்லை. சுற்றுப்புறத்துச் செம்மண் விளைகளே அவற்றைத் தந்திருத்தல் வேண்டும்.

இன்றோ இம்மாவட்டத்து விளைகளிற் பல ரப்பர்த் தோட்டங்களாயின, பல வீட்டுமனைகளாயின. பெரும்பாலார்க்கு எஞ்சியது, வீட்டின் பின்புறத்தே கிணற்றடியை ஒட்டிய இரண்டு மூன்று சென்ட் நிலமே. அச்சிறு நிலத்தைக் குறித்தே யாம் சில சொல்லப் புகுந்தோம்.

சென்ற ஆண்டு நிகழ்ந்ததொன்றை மறையாது கூறுவோம். எம் விளையிற் பயற்றங்கொடிகளை அசுவினி மொய்த்தது. அடுப்புச் சாம்பலைத் தூவுமாறு பாட்டி கூறினார். கல்லூரியிற் பயிலும் எமக்குச் சாம்பல் இழிவாகத் தோன்றிற்று. கடையில் ஒரு சிறு குப்பி மருந்து வாங்கி வந்து சனிக்கிழமை மாலை தெளித்தோம். மறுநாள் ஆராதனை முடிந்து வீடு திரும்புகையில், அடுத்த வீட்டு அக்கா வேலியோரத்தில் நின்று மடி நிறையப் பயற்றங்காய் கொய்துகொண்டிருந்தார். அவர் எம்மைக் கேட்டுப் பறிப்பதில்லை. அவர் வீட்டு முருங்கையை யாமும் கேட்டு ஒடிப்பதில்லை. ஓடிச்சென்று, காயைத் திருப்பித் தருமாறு வேண்டினோம். அவர் முகம் வாடிற்று. எம்மைக் கருமி என எண்ணினார் போலும். காரணத்தைச் சொன்னபின் அவர் கேட்டது இது: “தம்பி, நேற்று இருட்டும் வேளையிலும் பறித்தேனே, அதைப் பிள்ளைகள் தின்றுவிட்டார்களே?”

தீங்கொன்றும் நேரவில்லை. ஆயினும் அன்றிரவு எமக்கு உறக்கமில்லை. குப்பியோடு வந்த தாளை அப்பொழுதுதான் விரித்துப் படித்தோம். தெளித்தபின் இத்தனை நாள் கழித்தே கொய்தல் வேண்டும் என நுண்ணெழுத்தில் அச்சிட்டிருந்தது.

எம் கருத்து முழுவதும் அந்த நுண்ணெழுத்தைப் பற்றியதே. நாட்குறித்து அறுவடை செய்யும் வயலில் அவ்விதியைக் காத்தல் இயலும். வீட்டு விளையிலோ காலையில் இரண்டு வெண்டைக்காய், மாலையில் ஒரு பிடி கீரை என நாடோறும் கொய்கிறோம். கறிவேப்பிலையோ குழம்பு கொதிக்கையிலேயே பறிக்கப்படுவது. பறிப்பவரும் ஒருவரல்லர். காத்திருக்கும் நாள் என்பதொன்று இல்லாத இடத்தில் மருந்துக் குப்பிக்கு இடமே இல்லை.

வயலினின்றும் உரத்தை உடனே ஒழித்தல் வேண்டும் என யாம் கூறுவதாக எவரும் கொள்ளற்க. இலங்கையில் 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. நெல்விளைவு வீழ்ந்தது, உழவர் கிளர்ந்தெழுந்தனர், அவ்வாண்டு நவம்பரிலேயே அரசு பின்வாங்க நேர்ந்தது. ஒரு நாட்டின் சோற்றுப் பானை வேறு. எம் பாட்டியின் பாகற்பந்தல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கி வாதிடுவோரே இக்காலத்து மிகுதி.

இம்மண்ணுக்கு எரு எதற்கு என்பதையும் சொல்லல் வேண்டும். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இருபருவ மழையும் எம் மாவட்டத்திற்கு உண்டு. அம்மழையே சரிவான செம்மண்ணிலுள்ள சத்தைக் கரைத்துக்கொண்டும் போகும். சருகும் குழையும் சாணமும் மக்கிய மண்ணே நீரையும் சத்தையும் பற்றி நிற்கும். ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் ஆங்கிலப் பயிர்நூலார், 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்து, பயிர்க்கழிவையும் சாணத்தையும் அடுக்கிக் கிளறி மூன்று திங்களில் எருவாக்கும் முறையை வகுத்தார். இந்திய உழவரையே தம் ஆசிரியர் எனக் கொண்டவர் அவர். நாமோ முற்றத்துச் சருகைத் தீயிட்டுவிட்டு, ‘இயற்கை’ என அச்சிட்ட பையில் எருவை விலைகொடுத்து வாங்குகிறோம்!

இவ்வாண்டு குப்பியை வாங்கவில்லை. வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராம் இடித்துத் துணியிற் கட்டி, 1 லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்துப் பிழிந்து, சிறிது சவர்க்காரம் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் தெளித்தோம். ஒருமுறை போதாது, வாரந்தோறும் தெளித்தல் வேண்டியிருந்தது. பாட்டியின் சாம்பலையும் தூவினோம். அசுவினி முற்றும் ஒழிந்ததென்று பொய் கூறோம். மூன்றில் ஒரு பங்கு காய் சுருண்டு வீணாயிற்று. எஞ்சியதில் பாதியை, எம்மைக் கேளாமலே, அக்கா கொய்துகொண்டு போனார்.