லயம் யாருடையது?

தோட்டப்புற மக்களின் வறுமையைப் போக்க உல்லாசப் பயணத்துறையே வழியெனக் கருத்தரங்குகளில் முழங்குகின்றனர். எல்ல, அப்புத்தளை ஆகிய ஊர்களுக்கு வருவோர் தொகை பெருகிவிட்டதாம்; லயத்திலே விருந்தினரைத் தங்கவைத்து ரொட்டியும் சம்பலும் கொடுத்தால் வருமானம் கொட்டுமாம். இவ்வாறு உரைப்போரிடம் நாம் கேட்பது ஒன்றே. அந்த லயம் யாருடையது?

தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலத்தைக் காண உலகம் திரள்கின்றது. தம்பேதன்னையில் லிப்டன் 1890இல் எழுப்பிய தொழிற்சாலையையும், அதற்கு மேலே மலையுச்சியில் அவர் பெயர் தாங்கிய இருக்கையையும் காணாது திரும்புவோர் சிலரே. அவர்கள் எடுக்கும் படங்களில் கொழுந்து பறிக்கும் பெண் தவறாது இடம்பெறுகிறாள். ஆனால் அவள் வாழும் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவோ, வாசலில் அவள் நட்ட கத்தரிச்செடி நிற்கும் மண்ணோ அவளுடையதன்று. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. இரு கைமாற்றத்திலும் தொழிலாளிக்குக் காணியுறுதி கிட்டவில்லை. உறுதியில்லாதவருக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்? துரைமார் பங்களாக்கள் சில விடுதிகளாகிவிட்டன; லயங்கள் லயங்களாகவே உள்ளன.

நிலமிழந்தோரை இத்துறை எங்ஙனம் வாழ்விக்கும் என்பதற்கு இதே பதுளை மாவட்டத்துத் தம்பானை சான்று. 1983இல் மதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபோது வேடர் தம் வேட்டைக்காட்டை இழந்தனர். இன்று அவர்களுட் பலர் தோளில் கோடரி தாங்கி, வந்தோர் முன் ஆடிக்காட்டித் தேன் விற்கின்றனர். காட்டைப் பறித்தபின் கூத்தை விலைபேசுவதும் அபிவிருத்தியோ?

எல்ல விடுதிகளில் நம் இளைஞர் வேலை பார்ப்பதையோ முச்சக்கரவண்டி ஓட்டுவதையோ நாம் இகழவில்லை. அரைப்பேருக்கு அஞ்சி மலையேறுவதினும் அது மேல். எனினும் விடுதி வேலையும் கூலிவேலையே, உடைமை பிறருடையது.

தியலும நீர்வீழ்ச்சியை வியக்க வருவோர், அயலிலுள்ள கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29இல் லயங்கள் மண்ணுள் புதையுண்டதை அறிவரோ? ஆபத்து முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது. பெயர்ந்து சென்று குடியேறத் தமக்கென நிலமில்லாதவர் அங்கேயே இருந்தனர்.

அதன்பின் ஏழு பேர்ச்சுக் காணிகளிலே சில வீடுகள் எழுந்தன. நன்று. ஆயின் ஏழு பேர்ச்சில் வீடு நிற்கும். பசுவும் மிளகுக்கொடியும் மரக்கறிப்பாத்தியும் விருந்தினர் அறையும் எங்கே நிற்கும்? பயிரிடாது தரிசாக விட்டிருக்கும் மலைகளை முதலில் உறுதியெழுதிப் பகிர்ந்தளிக்கட்டும். விருந்தினரை உபசரிக்க எம்மவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.