பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

அமெரிக்க அதிபர் டிரம்ப் 2025 ஜூலை 4 அன்று கையெழுத்திட்ட பெரும் வரிச் சட்டம், உயர்கல்விக்கும் ஒரு நிபந்தனை விதித்திருக்கிறது. ஒரு படிப்பை முடித்தவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால், நடுவில் நிற்பவரின் வருமானம் என்ன? பள்ளிப் படிப்போடு வேலைக்குப் போன 25 முதல் 34 வயதுக்காரர்களில் நடுவில் நிற்பவரின் வருமானத்தைவிட அது மூன்று ஆண்டுகளில் இரண்டு முறை குறைந்துவிட்டால், அந்தப் படிப்புக்கு மத்திய அரசின் கல்விக் கடன் நிறுத்தப்படும். லத்தீனிலிருந்து கிளைத்த ஸ்பானிஷ், பிரெஞ்சு, இத்தாலியம், போர்த்துகீசியம் ஆகியவற்றைக் கற்பிக்கும் ரொமான்ஸ் மொழித் துறைகள் இந்தச் சோதனைக்குள் நலிந்த நிலையில்தான் நுழைகின்றன. 2016 முதல் 2021 வரை, அமெரிக்கக் கல்லூரிகளில் பிற மொழி வகுப்புகளில் சேர்வோர் எண்ணிக்கை 16.6 சதவீதம் சரிந்தது. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் 2023 செப்டம்பரில் 28 பட்டப் படிப்புகளை மூடியபோது மொழிப் படிப்புகளும் அதோடு போயின. ‘கடன் வாங்கிப் படிக்கத் தகுந்த படிப்பா இது?’ என்ற கேள்வி நியாயமானது. ஆனால், அந்தக் கேள்விக்கு மொழித் துறையை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமல்ல.

முதலில் கடனைப் பார்ப்போம். பெற்றோரைச் சார்ந்திருக்கும் இளநிலை மாணவர் நான்கு ஆண்டுகளில் தன் பெயரில் வாங்கக்கூடிய மத்திய அரசுக் கடன் மொத்தம் 27,000 டாலர். 2025-26ஆம் ஆண்டின் வட்டியான 6.39 சதவீதத்தில் இதைப் பத்து ஆண்டுகளில் அடைக்க, மாதத் தவணை ஏறத்தாழ 305 டாலர் வரும். ஆண்டுக்கு 40,000 டாலர் சம்பாதிப்பவருக்கு இது மொத்தச் சம்பளத்தில் ஒன்பது சதவீதம். பிடித்தம் போக வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் ஒதுக்கிய பிறகு இது கையைக் கடிக்கும். ஆனால், ஆளை மூழ்கடிக்காது. ஆபத்து இந்த வரம்புக்கு வெளியே இருக்கிறது. 2024-25இல் சொந்த மாநில அரசுக் கல்லூரியின் சராசரிக் கட்டணம் ஆண்டுக்கு 11,610 டாலர்; தனியார் கல்லூரியில் 43,350 டாலர். உதவித்தொகை இந்த இடைவெளியைக் குறைத்தாலும், மீதியைப் பெற்றோர் தலையில் ஏற்றுகிறார்கள். பெற்றோர் பெயரிலான மத்திய அரசுக் கடனுக்கு ஒரு பிள்ளைக்கு 65,000 டாலர் என்று புதிய சட்டமே இப்போதுதான் உச்சவரம்பு வைத்திருக்கிறது. 27,000 கடனோடு வந்தவரும், குடும்பத்தின் மீது அதைப் போல் மூன்று மடங்கு சுமத்திவிட்டு வந்தவரும் படித்தது ஒரே ஸ்பானிஷ். வாங்கப் போவதும் ஒரே சம்பளம். அப்படியானால், ஒருவரைக் கடனாளியாக்கியது மொழியா, கட்டணமா?

வருமானக் கணக்கையும் மறைக்க வேண்டியதில்லை. பொறியியல், கணினிப் பட்டதாரிகளைவிட மொழிப் பட்டதாரிகள் தொடக்கத்தில் குறைவாகவே சம்பாதிக்கிறார்கள். அதற்காக இது பிச்சைப் பட்டமும் அல்ல. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2023 கணக்குப்படி, மொழிபெயர்ப்பாளர்களில் நடுவில் நிற்பவரின் ஆண்டுச் சம்பளம் 57,090 டாலர். எல்லாத் தொழில்களையும் சேர்த்தால் அது 48,060 டாலர்தான். இன்னொரு பெரும் பகுதியினர் பள்ளி ஆசிரியர்களாகிறார்கள். மொழி ஆசிரியர்கள் போதவில்லை என்று பல மாநிலங்கள் அறிவிக்கின்றன. ஆசிரியர் சம்பளத்தைத் தீர்மானிப்பது மாநில அரசுகளும் பள்ளி வாரியங்களும். அந்தச் சம்பளம் குறைவு என்பதற்காக, ஆசிரியரை உருவாக்கும் படிப்பைத் தண்டிக்கப் போவது மத்திய அரசு. சோதனைக்கான கணக்கு, படிப்பு முடிந்த நான்காம் ஆண்டில் எடுக்கப்படுகிறது. மேற்படிப்பில் இருப்பவர்கள் அதில் சேர மாட்டார்கள். பொருளியலையும் ஸ்பானிஷையும் சேர்த்துப் படித்த ஒருவரின் சம்பளத்தில் மொழியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லவும் இந்த அளவுகோலுக்குத் தெரியாது.

‘வரிப்பணத்தில் கடன் கொடுக்கும் அரசு பலனைக் கேட்கக் கூடாதா?’ என்பார்கள். கட்டாயம் கேட்க வேண்டும். ஆனால், பலனெல்லாம் பட்டதாரியின் சம்பளச் சீட்டில் வருவதில்லை. 1980இல் புளோரிடாவில் 18 வயது இளைஞர் ஒருவர் நினைவிழந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். ஸ்பானிஷ் பேசும் குடும்பத்தார் ‘இன்டாக்ஸிகாடோ’ என்றார்கள். உட்கொண்ட ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவர்கள் சொல்ல வந்தது. ஏறக்குறைய அதே ஓசையுள்ள ஆங்கிலச் சொல்லை மனத்தில் வைத்து, போதை மருந்தால் மயங்கியிருக்கிறார் என்று மருத்துவர்கள் முடிவு கட்டினார்கள். மூளையில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. கை கால்கள் செயலிழந்தன. வழக்கு ஏறத்தாழ 7.1 கோடி டாலர் இழப்பீட்டில் முடிந்தது. வீட்டில் ஸ்பானிஷ் பேசுவோர் நான்கு கோடிக்கும் மேல் உள்ள நாட்டில், அந்த ஒற்றைச் சொல்லைச் சரியாகப் பிடிக்கும் ஆள் படுக்கை அருகில் நிற்பதன் மதிப்பு எந்த வருமானப் பட்டியலிலும் ஏறாது.

‘அதற்குத்தான் இயந்திரம் வந்துவிட்டதே!’ என்பது அடுத்த ஆட்சேபம். மேற்கு வர்ஜீனியாவில் மொழிச் செயலியோடு கூட்டுச் சேரும் யோசனையும் பேசப்பட்டது. இயந்திரத்தால் வேலைகள் குறையும் என்பது மெய்தான். மொழிபெயர்ப்பு வேலைகள் 2023 முதல் பத்து ஆண்டுகளில் 2 சதவீதமே வளரும் என்பது அரசின் மதிப்பீடு. துண்டறிக்கையை இயந்திரம் பெயர்க்கட்டும். ஆனால், நீதிமன்றத்திலும் அறுவைச் சிகிச்சைக்குக் கையெழுத்து வாங்கும் இடத்திலும் பிழைக்குப் பொறுப்பேற்க ஒரு மனிதர் வேண்டும். இயந்திரம் சொன்னது சரியா என்று பார்க்கவும் மொழியை ஆழமாகக் கற்றவர்தான் வேண்டும். இன்னொரு வாதம் கனிவாகத் தொனிக்கும்: ‘ஏழைப் பிள்ளைகள் முதலில் சோறு போடும் படிப்பைப் படிக்கட்டும்.’ கடனை நிறுத்தினாலும் பணக்கார வீட்டுப் பிள்ளை பிரெஞ்சு படிக்கும். கதவு சாத்தப்படுவது ஸ்பானிஷ் பேசும் கூலித் தொழிலாளியின் மகளுக்குத்தான். தன் வீட்டு மொழியை அவள் தொழிலாக்கிக்கொள்ளும் வழியை அடைப்பதற்குக் கருணை என்று பெயர் சூட்டக் கூடாது.

செய்ய வேண்டியவை தெளிவானவை. கல்லூரியில் சேருமுன், அந்தப் படிப்பின் சராசரிக் கடன், தொடக்கச் சம்பளம், மாதத் தவணை மூன்றையும் ஒரே தாளில் மாணவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தச் சம்பளம் தாங்காத அளவுக்குக் கட்டணம் வாங்கும் கல்லூரி அதைக் குறைக்க வேண்டும், அல்லது வாராக் கடனில் பங்கேற்க வேண்டும். மருத்துவம், சட்டம், கல்வியியல் ஆகியவற்றோடு மொழியை இணைத்துப் படிக்கும் வழியை அரசுக் கல்லூரிகள் அகலமாகத் திறக்க வேண்டும். அந்த வாய்ப்பைத் தராமல் இலக்கியத்தோடு நின்றுவிடும் மொழித் துறைகளும் தம்மைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

இது நமக்கு எட்டாத தேசத்து வம்பு அல்ல. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை அமைய, உலகெங்கும் உள்ள தமிழர்கள் 60 லட்சம் டாலர் திரட்டினார்கள். தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. அதில் படித்தவர் நான்காம் ஆண்டில் எவ்வளவு சம்பாதிப்பார் என்று கணக்குப் பார்த்து யாரும் பணம் கொடுக்கவில்லை. நான்கு கோடிப் பேர் வீட்டில் பேசும் ஸ்பானிஷே சம்பளத் தராசில் தடுமாறும் என்றால், அதே தராசில் தமிழ் எங்கே நிற்கும்? தராசை மாற்றச் சொல்லும் கடமை நமக்கும் இருக்கிறது.