இடப்பக்கம் இருக்கும் பித்தக் கல்

 

ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகளுக்கு எக்ஸ்ரே எடுத்தபோது இதயம் வலப்பக்கம் இருப்பது தெரியவந்ததாம். பிறகு ஸ்கேன் செய்ததில் ஈரல் இடப்பக்கம், இரைப்பை வலப்பக்கம். “கலியாணம் பேசும் வயதில் இதை வெளியே சொல்லலாமா?” என்று கேட்கிறார்.

பேசி வருபவர்களிடம் ஒளிக்க வேண்டாம். இது குற்றமுமல்ல, பழியுமல்ல. சுமார் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு இப்படி அமைவதுண்டு. லண்டனில் மத்தேயு பெய்லி என்ற வைத்தியர் 1788ஆம் ஆண்டிலேயே இதனை விவரித்து எழுதியிருக்கிறார். உள்ளுறுப்புகள் யாவும் கண்ணாடியில் தெரிவதுபோல் முழுமையாக மாறியிருந்தால், பெரும்பாலானோர் சுகமாகவே வாழ்கின்றனர். சிலருக்கு மட்டும் நெஞ்சுச் சளியும் பீனிசமும் விடாமல் தொல்லை தரும்.

ஆனால் மாப்பிள்ளை வீட்டாரைவிட முக்கியமாக இதை அறிய வேண்டியவர் டொக்டர்தான்.

பித்தப்பையில் கல் உண்டாவது பெண்களுக்கே அதிகம். வழமையாக வலது விலாவின் கீழ் நோவெடுக்கும். இவர்களுக்கோ அநேகமாக இடப்பக்கம் நோகும். வீட்டில் “கேஸ்ட்ரிக்” என்று கொத்தமல்லி அவித்துக் கொடுத்துவிட்டு இருந்துவிடுவோம். கல் நழுவிப் பித்தக் குழாயை அடைத்தால் கண் மஞ்சளாகும், சிறுநீர் பிளேன்டீ நிறமாகும், உடம்பு அரிக்கும். நடுக்கத்தோடு காய்ச்சலும் வந்தால் பொழுது விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

இக்கல்லை வயிற்றை வெட்டாமலே எடுக்கலாம். ஈ.ஆர்.சீ.பி. என்பார்கள். கமரா பொருத்திய குழாயை வாய்வழியே இறக்கி, இரைப்பையைக் கடந்து சிறுகுடலின் தொடக்கத்துக்குக் கொண்டுபோவார்கள். பித்தக் குழாய் திறக்கும் சிறு வாயில் அங்கேதான் உண்டு. மருந்து செலுத்தி எக்ஸ்ரேயில் கல்லைப் பார்த்து, அவ்வாயிலை மின்கம்பியால் சற்றே வெட்டி, சிறு பலூனாலோ கம்பிக் கூடையாலோ கல்லை இழுத்தெடுப்பார்கள். இந்த வெட்டும் முறை 1974இல் ஜேர்மனியிலும் ஜப்பானிலும் தொடங்கியது. கணையம் வீங்குதல், இரத்தம் கசிதல், அரிதாகக் குடலில் துளை விழுதல் ஆகிய ஆபத்துகள் எவருக்கும் உண்டு.

உறுப்புகள் மாறியவரிடம் டொக்டரின் கைப்பழக்கம் முழுவதும் எதிராகிவிடுகிறது. வலப்பக்கம் திருப்ப வேண்டிய குழாயை இடப்பக்கம் திருப்ப வேண்டும். வெட்டும் திசையும் மாறும். இடம் தப்பினால் குடலும் கணையமும்தான் பாதிக்கப்படும். ஆகவே சிலர் நோயாளியை வலப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, தாம் மறுபுறம் நின்று செய்கின்றனர். வேறு சிலர் வழமைபோல் படுக்கவைத்து, இரைப்பைக்குள் குழாயையே அரைவட்டமாகத் திருப்புகின்றனர். இரு வழிகளிலும் கல்லை வெற்றிகரமாக எடுத்திருக்கிறார்கள். முற்கூட்டியே தெரிந்தால் எம்.ஆர்.ஐ. படம் பார்த்து ஆயத்தமாவார்கள்; தேர்ந்த கையுள்ளவரிடம் அனுப்புவார்கள்.

எனவே தாயே, மகளின் ஸ்கேன் துண்டை அலுமாரியில் பூட்டி வைக்காதீர்கள். கலியாணமாகிப் போகும்போது பிரதியொன்றை அவளிடம் கொடுங்கள். மருமகனுக்கும் விளக்கிச் சொல்லுங்கள். வலியில் துடிப்பவளுக்கு அந்நேரம் பேச்சு வராது. எக்ஸ்ரேப் படத்தை யாரோ புரட்டி மாட்டிவிட்டார்கள் என்று ஆஸ்பத்திரியில் நினைத்துவிடவும் இடமுண்டு.

குழாயில் கல்லை எடுத்த பின்னரும் பித்தப்பை அங்கேயேதான் இருக்கும். மீண்டும் கல் நழுவாதிருக்க அதனையும் அகற்றும்படி பெரும்பாலும் சொல்வார்கள். அந்த ஒபரேஷனைச் செய்பவர் வேறு டொக்டராக இருப்பார். அவரிடமும் அதே துண்டைக் காட்ட வேண்டும்.