ரெடிமேடா, அசெம்பிளா?

"அம்மா, காலேஜ் சேர்ந்ததும் கேமிங் கம்ப்யூட்டர் வாங்கித் தர்றேன்னு சொன்னியே!" என்று 2025 ஜூன் மாதம் பெரியவன் ஆரம்பித்தான். சொன்னது வாஸ்தவம்தான். வளையல் மாற்றிப் போடலாமென்று சீட்டுக் கட்டிச் சேர்த்த 80,000 ரூபாய் கையில் இருந்தது. தப்பாகப் போனால் வளையலும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை!

இவர், "பேசாமல் ரெடிமேடா வாங்கிடு" என்றார். பையனோ, சாமான்களைத் தனித்தனியாக வாங்கி நானே பூட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். மிக்ஸி மூடியைக்கூடச் சரியாகப் போடத் தெரியாத பிள்ளை!

முதலில் ஒரு கடையில் ரெடிமேட் பார்த்தோம். கலர் கலராய் விளக்கெரிந்து நவராத்திரிக் கொலு மாதிரி ஜொலித்தது. சீட்டில் ப்ராசஸர் பெயரும் கிராபிக்ஸ் கார்டு பெயரும் கொட்டை எழுத்தில். "எஸ்எம்பிஎஸ் என்ன கம்பெனி?" என்று பையன் கேட்டான். "எல்லாம் நல்லதுதான் தம்பி" என்று பதில் வந்தது.

எஸ்எம்பிஎஸ் என்பது வீட்டுக் கரண்டை மாற்றி, உள்ளே இருக்கிற அத்தனைக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் பெட்டி. அது மட்டமாக இருந்து புகைந்தால் மற்ற சாமான்களையும் இழுத்துக்கொண்டு போகலாம். ராமும் அப்படித்தான். 8 ஜிபி வீதம் இரண்டு போட வேண்டிய இடத்தில் 16 ஜிபியாக ஒன்றைச் சொருகினால் கணக்கு சரி, வேகம்தான் குறையும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் மிச்சம் பிடிக்கிறார்கள்.

ரெடிமேட் ரவிக்கையில் உள்ளே துணி விட்டிருக்க மாட்டார்கள், பார்த்திருப்பீர்கள். உடம்பு கொஞ்சம் பூசினால் பிரித்துவிட வழியில்லை. சில பெரிய கம்பெனிகளின் கம்ப்யூட்டரும் அந்த ரகம். மதர்போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் தங்களுக்கென்றே தனி அளவில் செய்திருப்பார்கள். நாலு வருஷம் கழித்துப் பெரிய கார்டு போட நினைத்தால் சேராது.

அதற்காக ரெடிமேட் எப்போதுமே நஷ்டம் என்று சொல்ல மாட்டேன். 2021-ல் கிராபிக்ஸ் கார்டுக்குத் தட்டுப்பாடு வந்து விலை எகிறியபோது, முழு கம்ப்யூட்டராக வாங்கியவர்கள் பலர் பிழைத்தார்கள். ரிப்பேர் என்றாலும் ஒரே இடத்தில் போய்க் கேட்கலாம். அசெம்பிள் என்றால் சாமானுக்கு ஒரு கம்பெனி. எது பழுது என்று நாமேதான் துப்புத் துலக்க வேண்டும். வீட்டில் பொறுமையாக உட்கார ஆள் இல்லையா, ரெடிமேடே வாங்குங்கள். ஆனால் ஒவ்வொரு சாமானின் கம்பெனியும் மாடலும் பில்லில் எழுதி வாங்காமல் பணத்தை நீட்டாதீர்கள்.

நாங்கள் சென்னை ரிச்சி தெருவுக்கே போய், நாலு கடை ஏறி இறங்கி வாங்கினோம். மானிட்டர் வீட்டில் பழையது இருந்தது. மற்றதெல்லாம் 76,000, அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கிராபிக்ஸ் கார்டுக்கே! (அந்த வருஷக் கடைசியில் ராம் விலை தாறுமாறாக ஏறியது. எங்கள் நல்ல காலம், முன்னாலேயே வாங்கிவிட்டோம்.)

சாப்பாட்டு மேஜையைத் துடைத்துக் கொடுத்தேன். மாலை ஆறுக்கு உட்கார்ந்தவன் ராத்திரி பத்துக்குச் சுவிட்சைப் போட்டான். விசிறி சுற்றியது. திரை மட்டும் இருட்டு. பிள்ளை முகம் செத்துப் போயிற்று. இவர் வாயைத் திறக்குமுன் நான் ஒரு பார்வை பார்த்தேன்.

"முதல்ல ரெண்டு தோசை சாப்பிடு, அப்புறம் பார்க்கலாம்" என்றேன். சாப்பிட்டுவிட்டு, பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். ராம் ஒரு முனையில் சரியாக உட்காரவில்லை! உடைந்துவிடுமோ என்று பயந்து மெல்ல அழுத்தியிருக்கிறான். 'டிக்' என்று சத்தம் வருகிறவரை அழுத்தினான். திரையில் எழுத்து வந்ததும் அவன் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு மாமி எழுந்து வந்துவிட்டார்.

காலி அட்டைப்பெட்டிகள் பில்லோடு பரணில் இருக்கின்றன. கிராபிக்ஸ் கார்டுக்கு 3 வருஷ வாரண்டி. அதுவரை பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடக் கூடாது என்று இவரிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.