கிதார் கழுத்தில் நம் ஊர் ஈட்டி!

நீலகிரி மலையில் ஒரு மரம் வளர்கிறது. அதன் பெயர் ஈட்டி. தோதகத்தி என்றும் சொல்வார்கள்.

கருஞ்சிவப்பு நிறம். நல்ல கனம். தாத்தா காலத்து வீடுகளில் கட்டில், பீரோ, ஊஞ்சல் பலகை எல்லாம் இந்த மரத்தில் இருக்கும்.

இந்த மரத்துக்கும், அமெரிக்காவில் கிதார் வாசிக்கும் ஒரு வாலிபனுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் உண்டு! அவனுடைய கிதாரின் கழுத்தில் ஒரு பலகை ஒட்டப்பட்டிருக்கிறது. விரல் வைத்து வாசிக்கும் இடம் அது. ஏறக்குறைய ஒரு முழ நீளம். கால் அங்குலக் கனம். எடை போட்டால் கால் கிலோ தேறாது. அந்தப் பலகை பெரும்பாலும் ஈட்டிதான்.

இந்தச் சின்னப் பலகைக்காக ஒரு பெரிய தொழிற்சாலையில் சோதனை நடந்தது. உலக நாடுகள் கூடி விதி போட்டன. பிறகு அதே நாடுகள் கூடி விதியைத் தளர்த்தின.

இத்தனையும் எதற்காக? நாதத்துக்காக!

பாஸ் கிதார்

சாதாரணக் கிதாருக்கு 6 தந்திகள். பாஸ் கிதாருக்கு 4 தந்திகள். தந்தி தடிமனாக இருக்கும். கழுத்து நீளமாக இருக்கும். ஓசை அடிக்குரலில் வரும்.

இளையராஜாவின் சினிமாப் பாட்டுகளைக் கேட்டவர்களுக்கு இந்த ஓசை தெரியும். பாட்டுக்கு அடியில் "தும், தும்" என்று ஓடிக்கொண்டே இருக்கும். அது நின்றால்தான் அதன் அருமை தெரியும்.

இந்த வாத்தியத்தைப் பெரிய அளவில் செய்து விற்றுப் புகழ் பெற வைத்தவர் லியோ பெண்டர். அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்தவர். ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். 1951-ம் ஆண்டில் "பிரிசிஷன் பாஸ்" என்ற கிதாரைக் கொண்டு வந்தார். அதுவரை பாஸ் வாசிப்பவர்கள் ஆள் உயரத்துக்கு ஒரு ராட்சச வயலினைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். பெண்டரின் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்சில் ஏறிவிடலாம்.

முதலில் அதன் கழுத்து முழுவதும் மேப்பிள் மரத்தில் இருந்தது. அது வெளிர் நிற மரம். விரல் பட்டுப் பட்டு அழுக்கேறியது. 1959-ல் அதன்மேல் ஈட்டிப் பலகை வந்தது. அது பிரேசில் நாட்டு ஈட்டி. அந்த மரம் அரிதாகவே, 1960-களில் இந்திய ஈட்டி அந்த இடத்தைப் பிடித்தது. பிரேசில் ஈட்டியின் வியாபாரத்துக்கு 1992-ல் உலக அளவில் தடை வந்துவிட்டது.

மரம் பற்றிய நம்பிக்கை

பாஸ் பிரியர்கள் ஒரு தனி உலகம். இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு நாதத்தில்தான் வந்து நிற்கும்.

"மேப்பிள் பலகை என்றால் ஓசை பளிச்சென்று இருக்கும்" என்பார் ஒருவர். "ஈட்டி என்றால் இதமாக, உருண்டையாக இருக்கும்" என்பார் மற்றவர். 1962-ம் ஆண்டின் நடுவில் பெண்டர் கம்பெனி பலகையின் கனத்தைக் குறைத்தது. அதற்கு முந்திய கனப் பலகைதான் உயர்ந்தது என்று இன்றும் வாதாடுகிறவர்கள் உண்டு. அதற்கு ஏற்பப் பணமும் கொடுக்கிறார்கள்!

தொழிற்சாலையில் சோதனை

2011-ம் ஆண்டு ஆகஸ்டு 24-ந் தேதி.

அமெரிக்காவின் புகழ் பெற்ற கிதார் கம்பெனி கிப்சன். அதன் நாஷ்வில், மெம்பிஸ் தொழிற்சாலைகளில் சர்க்கார் அதிகாரிகள் திடீரென்று நுழைந்தார்கள். இந்தியாவிலிருந்து வந்த ஈட்டிப் பலகைகளையும் கருங்காலிப் பலகைகளையும் அள்ளிக்கொண்டு போனார்கள்.

குற்றம் என்ன? இந்தியச் சட்டத்தை மீறியது!

இது என்ன வேடிக்கை? இந்தியச் சட்டத்தை மீறினால் அமெரிக்க சர்க்காருக்கு என்ன?

அமெரிக்காவில் லேசி சட்டம் என்று ஒன்று இருக்கிறது. 1900-ம் ஆண்டில் வந்த சட்டம். 2008-ல் அதை மரங்களுக்கும் விரித்தார்கள். எந்த நாட்டு மரமானாலும் சரி, அந்த நாட்டுச் சட்டத்துக்கு விரோதமாக வந்திருந்தால் அமெரிக்காவில் அது திருட்டுச் சரக்கு.

இந்தியாவில் வெறுமனே அறுத்த மரத்தை ஏற்றுமதி செய்யத் தடை இருந்தது. வேலை முடிந்த பொருள் என்றால் போகலாம். கிதார் பலகை எந்த வகை? அறுத்த மரமா? வேலை முடிந்த பாகமா? கேள்வி அதுதான். இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை.

2012 ஆகஸ்டில் சமரசம் ஏற்பட்டது. கம்பெனி 3 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. மேலும் 50 ஆயிரம் டாலர் இயற்கைப் பாதுகாப்புக்குக் கொடுத்தது. அந்தச் சமரசம் முக்கியமாக மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த கருங்காலியைப் பற்றியது. அதற்கும் முன்பே, 2009-ல், ஒரு சோதனை நடந்திருந்தது. இந்திய மரம் கம்பெனிக்கே திரும்பி வந்தது.

திரும்பி வந்த மரத்தில் கம்பெனி கிதார்கள் செய்தது. அவற்றுக்கு "சர்க்கார் வரிசை" என்று பெயர் வைத்து விற்றது!

நாற்காலி செய்த வினை

அடுத்த அடி 2017 ஜனவரி 2-ந் தேதி விழுந்தது.

அழிந்து வரும் உயிர்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்த ஓர் உலக உடன்படிக்கை இருக்கிறது. சைட்டிஸ் என்று சொல்வார்கள். 2016-ல் தென் ஆப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில் அதன் மகாநாடு கூடியது. ஈட்டி இன மரங்கள் அத்தனையையும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. பாஸ் கிதார்களுக்குப் பயன்படும் ஆப்பிரிக்க மரமான புபிங்காவும் மாட்டிக்கொண்டது.

காரணம் கிதார் அல்ல. நாற்காலி!

சீனாவில் பணக்காரர்கள் பெருகினார்கள். பழைய அரச பாணியில் செம்மர நாற்காலியும் கட்டிலும் வேண்டும் என்றார்கள். அதற்காக ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் ஈட்டி இனக் காடுகள் மொட்டையாயின. 2005 முதல் 2014 வரை உலகில் பிடிபட்ட காட்டுக் கடத்தல் பொருள்களின் மதிப்பில், 100-க்கு 35 பங்கு ஈட்டி இன மரம் என்று ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறியது. யானைத் தந்தம்கூட இதற்குப் பின்னால்தான்!

அறுத்த பிறகு ஈட்டியில் எது எந்த ஜாதி என்று சுங்க அதிகாரிக்குத் தெரியாது. ஆகவே எல்லாவற்றையும் ஒரே வலையில் போட்டார்கள். சுறாவுக்கு விரித்த வலையில் நெத்திலியும் சிக்கியது.

கிதாரைக் கையில் எடுத்துக்கொண்டு பிரயாணம் செய்தால் தொல்லை இல்லை. 10 கிலோ வரை விலக்கு இருந்தது. ஒரு பாஸ் சுமார் 4 கிலோதான். ஆனால் விற்பனைக்கு எல்லை தாண்டினால் காகிதம் வேண்டும். ஒரு பழைய பாசை ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்கு விற்கவேண்டுமானால் அனுமதிச் சீட்டு, முத்திரை, காத்திருப்பு! பலர் விற்பதையே நிறுத்தினார்கள்.

பெண்டர் கம்பெனி மெக்சிகோ தொழிற்சாலையில் ஈட்டியைக் கைவிட்டது. "பாவ் பெர்ரோ" என்ற தென் அமெரிக்க மரத்துக்கு மாறியது. பாஸ் பிரியர்கள் முகம் சுளித்தார்கள். "பழைய நாதம் போச்சு!" என்றார்கள்.

அது உண்மையா?

காந்தத்துக்கு மரம் தெரியுமா?

பாஸ் கிதாரின் தந்தி எஃகு. அதன் அடியில் காந்தம் இருக்கிறது. காந்தத்தைச் சுற்றி, தலைமுடி போன்ற செம்புக் கம்பி பல ஆயிரம் சுற்று சுற்றப்பட்டிருக்கிறது. தந்தி ஆடினால் அந்தச் சுருளில் சிறு மின்சாரம் பிறக்கும். அதுதான் ஒலிபெருக்கிக்குப் போகிறது. காந்தத்துக்குத் தந்தியின் ஆட்டம்தான் தெரியும்.

விரல் அழுத்தும்போதும் தந்தி பலகையில் உட்காருவதில்லை. வீணையில் இருப்பதுபோல் உலோக மெட்டுகள் உண்டு. தந்தி அந்த மெட்டின்மேல்தான் உட்காருகிறது.

மரத்துக்கு வேலையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. கழுத்து விறைப்பாக இருந்தால் ஓசை நீளும். சில பாஸ்களில் ஒரு குறிப்பிட்ட சுரம் மட்டும் சீக்கிரம் செத்துவிடும். கழுத்து தானும் சேர்ந்து ஆடி, தந்தியின் பலத்தைத் தின்றுவிடுவதுதான் காரணம். ஆனால் அது முழுக் கழுத்தின் குணம். மேலே ஒட்டிய கால் அங்குலத்தின் ஜாதியை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது.

இங்கிலாந்தில் விஞ்ஞானிகள் ஒரு சோதனை செய்தார்கள். 2018-ல் அதன் முடிவு வெளியானது. பாஸ் அல்ல, மின்சாரம் இல்லாத பெட்டிக் கிதார். மரத்துக்கு அதில்தான் அதிக வேலை. ஒரே மாதிரி 6 கிதார்கள் செய்தார்கள். பின்பக்கமும் பக்கவாட்டும் மட்டும் வெவ்வேறு மரம். ஒன்று விலை உயர்ந்த பிரேசில் ஈட்டி, ஒன்று இந்திய ஈட்டி, மற்றவை விலை குறைந்தவை.

52 கிதார்க்காரர்களை வாசிக்கச் சொன்னார்கள். அவர்கள் கண்ணுக்கு வெல்டிங் வேலைக்காரர்கள் போடும் கறுப்புக் கண்ணாடி! எது எந்த மரம் என்று பார்க்க முடியாது. எல்லாக் கிதாருக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் விழுந்தது.

ஜேமர்சனின் பழைய தந்தி

டெட்ராய்ட் நகரில் ஜேம்ஸ் ஜேமர்சன் என்று ஒருவர் இருந்தார். 1960-களில் மோட்டவுன் கம்பெனியின் எத்தனையோ வெற்றிப் பாட்டுகளில் பாஸ் வாசித்தவர். அவரிடம் இருந்தது 1962-ம் ஆண்டு பிரிசிஷன் பாஸ். ஈட்டிப் பலகை போட்டதுதான்.

ஆனால் அவருடைய ரகசியம் பலகையில் இல்லை. மேற்பரப்பு வழவழப்பான தடித்த தந்திகளைப் போட்டிருந்தார். அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார்! அழுக்கும் எண்ணெயும் ஏறி ஓசை மந்தமாகும். அதுதான் அவருக்கு வேண்டும். குதிரை அருகில் பஞ்சு வைத்துத் தந்தியை அடக்கினார். தந்தியை உயரத் தூக்கி வைத்திருந்தார். மற்றவர்கள் அதை அழுத்தவே சிரமப்படுவார்கள். வாசித்தது வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றால்தான்.

ஜாக்கோ பாஸ்டோரியஸ் கதை இன்னும் வேடிக்கை. அவருடைய 1962-ம் ஆண்டு பாசில் மெட்டுகளே இல்லை. தந்தி நேராக ஈட்டிப் பலகையைத் தொட்டிருக்கவேண்டும். ஆனால் அவர் போட்டதோ சுருள் வரி தெரியும் சொரசொரப்பான தந்தி. அது பலகையை அரத்தால் ராவுவதுபோல் ராவிவிடும். ஆகவே படகுக்குப் பூசும் பசையைப் பலகைமேல் கனமாகப் பூசினார். உலகம் புகழ்ந்த அந்தப் பாடும் நாதம், படகுப் பசையைத் தொட்டுப் பிறந்த நாதம்!

மரமே இல்லாமலும் பாஸ் செய்தார்கள். 1980 வாக்கில் நெட் ஸ்டைன்பர்கர் என்ற அமெரிக்கர் கார்பன் நாரும் பிசினும் சேர்த்துச் செய்து விற்றார். பெரிய வித்துவான்களே அதை வாங்கி மேடையில் வாசித்தார்கள்.

நாதத்தை மாற்ற நினைப்பவருக்குச் செலவு குறைந்த வழி உண்டு. கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. அதன் முனையில் திருகு. ஈரக் காற்றிலும் வறண்ட காற்றிலும் கழுத்து வளையும். திருகைக் கால் சுற்று திருப்பினால் நிமிரும். பிறகு குதிரையில் தந்தியின் உயரத்தைப் பார்க்கவேண்டும். 12-வது மெட்டுக்கு மேல் 2 மில்லிமீட்டர் அல்லது சற்று அதிகம் என்பது பலருக்குப் பிடித்த அளவு. குறைத்தால் தந்தி மெட்டில் உரசி "ஜர்" என்னும். கூட்டினால் விரல் நோகும், ஆனால் ஓசை திறந்து வரும். தந்தியை மாற்றினால் வாத்தியமே மாறியதுபோல் இருக்கும். இத்தனைக்கும் ஒரு சிறிய சாவியும் ஒரு கட்டுத் தந்தியும் போதும்.

விதி தளர்ந்தது

கிதார் கம்பெனிகளும் வாத்தியக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. 2019 ஆகஸ்டில் ஜெனீவாவில் மகாநாடு கூடியபோது வாதாடினார்கள். செய்து முடித்த வாத்தியங்களுக்கும் அவற்றின் பாகங்களுக்கும் விலக்குக் கிடைத்தது. அது 2019 நவம்பர் 26-ந் தேதி அமுலுக்கு வந்தது.

நியாயமான விலக்குத்தான். ஒரு கட்டிலுக்குப் போகும் மரத்தில் நூற்றுக்கணக்கான பலகைகள் சீவலாம். தவறு நடந்தது கட்டில் வியாபாரத்தில். அபராதம் கட்டியது பாட்டுக்காரன்.

பாட்டுக்காரனைவிட அதிகம் கட்டியவர்களும் உண்டு. அவர்கள் இந்தியக் கைத்தொழிலாளர்கள். வட இந்தியாவில் சீசம் என்ற மரம் ஏராளமாக வளர்கிறது. அதுவும் ஈட்டி இனம். அதில் பெட்டி, தட்டு, நாற்காலி செய்து பிழைப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். சீசமும் ஈட்டியும் சேர்ந்து ஆண்டுக்கு 1,000 கோடி ரூபாய்க்கு நடந்த ஏற்றுமதி, விதி வந்தபின் 500 கோடி, 600 கோடி என்று சரிந்ததாக மத்திய சர்க்கார் கூறியது. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 50 ஆயிரம் பேர் என்றும் சொன்னது. 2022 நவம்பரில் பனாமா மகாநாட்டில்தான் அவர்களுக்கு மூச்சு வந்தது. சீசம் பொருள் ஒவ்வொன்றும் 10 கிலோவுக்குள் இருந்தால், எத்தனை பொருளையும் ஒரே சரக்காக அனுப்பலாம் என்று முடிவாயிற்று. வாத்தியக்காரர்களுக்கு மூன்று ஆண்டு முன்பே கிடைத்த நிம்மதி!

காட்டில் நிற்கும் மரம்

விலக்கு வந்தது. மரம் பிழைத்ததா?

ஈட்டி அவசரப்பட்டு வளரும் மரம் அல்ல. தாத்தா வைத்த கன்றைப் பேரன் வெட்டினால் அதுவே அதிர்ஷ்டம். ஈட்டியைக் காப்பதற்கென்றே தமிழ்நாட்டில் 1994-ல் தனிச் சட்டம் வந்தது. உலக அளவில் இது ஆபத்துக்கு ஆளாகக்கூடிய மரம் என்று குறிக்கப்பட்டிருக்கிறது.

நீலகிரிக்குப் பக்கத்தில்தான் கேரளத்தின் வயநாடு. அங்கே முட்டில் என்ற இடத்தில் நூற்றுக்கு மேற்பட்ட ஈட்டி மரங்கள் வெட்டப்பட்ட விஷயம் 2021-ல் வெளியே வந்தது. பட்டா நிலத்து மரங்களைப் பற்றி 2020-ல் கேரள சர்க்கார் போட்ட ஓர் உத்தரவைக் காட்டி வெட்டினார்கள். அந்த உத்தரவு ஈட்டிக்குப் பொருந்தாது என்று பிறகு வழக்கு வந்தது. வெட்டப்பட்டவற்றில் நூற்றாண்டுகளைக் கடந்த மரங்களும் இருந்தன.

அவை கிதாருக்காக வெட்டப்பட்டன என்று யாரும் சொல்லவில்லை. ஈட்டிக்கு உள்ள விலைதான் கோடரியை இழுத்தது. அந்த விலையில் ஒரு சிறு பங்கு, "இந்த மரம் இல்லாவிட்டால் இந்த நாதம் இல்லை" என்ற பேச்சு.

இன்று ஈட்டிப் பலகை போட்ட புதிய பாஸ், இந்த உடன்படிக்கையின் அனுமதிச் சீட்டு இல்லாமலே கடல் கடக்கிறது. 1962-ம் ஆண்டு பாஸ் அப்படிப் போக முடியாது. அதில் உள்ளது பிரேசில் ஈட்டி. அதற்கு விலக்கு இல்லை. மரம் தடைக்கு முன்பே வெட்டப்பட்டது என்று காகிதம் காட்டினால்தான் விற்பனைக்கு எல்லை தாண்டும்.