புலிக் கதையும் கடவுள் கதையும்

"லைஃப் ஆஃப் பை" என்னும் சினிமாப் படத்தைப் பற்றி நாம் சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கின்றது. யான் மார்ட்டெல் என்கின்ற கனடா தேசத்து ஆசிரியர் 2001-ல் எழுதி, அடுத்த வருஷமே புக்கர் பரிசு பெற்ற நாவலை, தைவானில் பிறந்த ஆங் லீ என்பவர் 2012-ல் படமாக்கினார். 2013-ல் அதற்கு 4 ஆஸ்கார் பரிசுகள் கிடைத்தன. பம்பாய் ஜெயஸ்ரீ அம்மையார் பாடிய தமிழ்த் தாலாட்டும் அப்பரிசுக்குப் போட்டியில் நின்றது. கதை தொடங்கும் ஊரோ நமது புதுச்சேரி. ஆகவே புதுவைத் தோழர்கள் இப்படத்தைப் பற்றிப் பெருமை பாராட்டிக்கொள்வதில் நமக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை. ஆனால் இக்கதையைக் கேட்கிறவனுக்குக் கடவுள் நம்பிக்கை வந்துவிடும் என்று படத்தின் ஆரம்பத்திலேயே சொல்லப்படுகின்றது. அப்படி ஒரு சவாலை விட்ட பிறகு நாம் வாய்மூடி இருப்பது முறையாகாது.

கதையில் வரும் குடும்பம் நம் ஊர்களில் சாதாரணமாய்க் காண்கிற குடும்பமல்ல. தகப்பனார் படேல், பிரெஞ்சுக்காரர் 1826-ல் ஏற்படுத்திய தாவரத் தோட்டத்தில் மிருகக்காட்சிசாலை நடத்துகிறவர். சிறு வயதில் இளம்பிள்ளை வாதத்தால் படுக்கையில் கிடந்து துடித்தபோது, கடவுள் எங்கே என்று தேடிப் பார்த்தவர். கடைசியில் தம்மைக் காப்பாற்றியது கடவுளல்ல, மேல்நாட்டு வைத்தியமே என்று கண்டுகொண்டவர். தாயாரோ, தங்களுக்குத் தாழ்ந்த இடத்தில் கலியாணம் செய்துகொள்ளுகிறாள் என்று பெற்றோரால் கைவிடப்பட்டவர். அப்படிக் கைவிடப்பட்ட அம்மாளுக்குப் பிறந்த வீட்டின் ஞாபகமாய் மிஞ்சியது பக்தி ஒன்றுதானாம். வாசகர்களே! உயர்வு தாழ்வு பார்த்து மகளை வீட்டை விட்டுத் தள்ளியவர்களும் பக்திமான்களே. தள்ளப்பட்டவள் கட்டிப் பிடித்துக்கொண்டிருப்பதும் அதே பக்தியையே. இதை யோசித்துப் பார்க்க வேண்டாமா?

நிற்க, பையனுக்குப் பாரிஸ் நகரத்து நீச்சல் குளம் ஒன்றின் பெயரை வைத்துவிட்டார்கள். 'பிசின்' என்கின்ற அப்பெயரைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் திரித்து, ஒன்றுக்குப் போகிறவன் என்று பொருள்படும்படி கூப்பிட்டுப் பரிகாசம் செய்கின்றார்கள். நாமும் சிரித்தோம். ஆனால் அந்த அவமானத்திலிருந்து பையன் எப்படித் தப்பினான்? எந்தச் சாமிக்காவது தேங்காய் உடைத்தானா? இல்லை. கணக்கிலே வருகின்ற 'பை' என்னும் எண்ணின் இலக்கங்களை நெட்டுருப் போட்டு, கரும்பலகைகள் நிறைய எழுதிக் காட்டினான். கேலி செய்த வாய்கள் அடைத்துப்போயின. அவனுடைய மானத்தை மீட்டுக் கொடுத்தது கணக்கு.

பிறகு பையனுக்கு மத ஆசை வருகின்றது. இந்து சாமிகளைக் கும்பிடுகிறான். மூணாறில் பந்தயத்துக்காக மாதாகோயிலுக்குள் நுழைந்து தீர்த்தத்தைக் குடித்து ஏசுவையும் சேர்த்துக்கொள்ளுகிறான். அப்புறம் மசூதிக்கும் போய்த் தொழுகிறான். இன்னும் மூன்று மதங்களைச் சேர்த்துக்கொண்டால் வருஷம் முழுவதும் விடுமுறைதான் என்று அண்ணன் பரிகாசம் செய்கிறான். தகப்பனாரோ கோபிக்கவில்லை, அடிக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் நம்புவது ஒன்றையும் நம்பாததற்குச் சமம் என்றும், தமக்கு உடன்பாடில்லாத ஒன்றை அவன் நம்பினாலும் குற்றமில்லை, கண்ணை மூடிக்கொண்டு மாத்திரம் ஏற்காதே, பகுத்தறிவிலிருந்து ஆரம்பி என்றும் எடுத்துச் சொல்லுகிறார். பிள்ளை வளர்க்க இதைவிட யோக்கியமான வழி உண்டா என்று கேட்கின்றோம். இவ்வளவும் கேட்டுவிட்டு, பையன் தனக்கு ஞானஸ்நானம் வேண்டும் என்கிறான்! அப்பனுடைய முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அன்றியும், பையன் புலிக்குக் கையால் மாமிசம் கொடுக்கப் போனபோது, தகப்பனார் பதறி ஓடிவந்து, ஓர் ஆட்டைக் கட்டி, புலி அதை அடித்து இழுத்துப் போவதைக் காட்டுகிறார். புலியின் கண்ணில் நீ காண்பது புலியின் மனதையல்ல, உன்னுடைய உணர்ச்சியின் சாயலைத்தான் என்பதே அவர் புகட்டிய பாடம். பாடம் கொடுமையானதுதான். ஆனாலும் கடவுளைப் பற்றி நாம் எத்தனையோ மேடைகளில் மணிக்கணக்காய்ப் பேசுவதை இந்த மனுஷர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். கல்லின் முகத்தில் கருணை தெரிகிறது என்கிறவர்களும் தங்கள் சாயலைத்தானே பார்க்கின்றார்கள்?

அப்புறம் குடும்பம் கனடாவுக்குப் புறப்படுகின்றது. நடுக்கடலில் கப்பல் முழுகுகின்றது. தாய், தகப்பன், அண்ணன் எல்லோரும் மாண்டுபோகின்றார்கள். பையன் மாத்திரம் ஒரு படகில் புலியோடு 227 நாட்கள் கிடந்து கரை சேருகின்றான். எதனால் பிழைத்தான்? படகிலிருந்த உயிர்காப்புப் புத்தகத்தைப் படித்தான். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்தான். துடுப்புகளையும் மிதவைகளையும் கட்டித் தெப்பம் செய்தான். மிருகக்காட்சிசாலைக்காரன் பிள்ளையானபடியால் புலியை எப்படித் தூரத்தில் நிறுத்துவது என்று அறிந்திருந்தான். தகப்பன் கற்பித்த பாடங்கள் இல்லாவிட்டால் பிழைத்திருக்கமாட்டேன், அதற்கு நன்றி சொல்லக்கூட முடியாமல் போயிற்றே என்று அவனே பிற்காலத்தில் வருந்துகின்றான். படத்தில் நம் மனதைத் தொட்ட இடம் இதுவே.

ஆனால் புகழ் யாருக்குப் போகின்றது? கடவுளுக்கு! பசியால் ஒரு மீனை அடித்துக் கொன்ற பையன், விஷ்ணுவே மீனாய் வந்து காப்பாற்றினார் என்று அழுது கும்பிடுகின்றான். மீனாக வரத் தெரிந்த விஷ்ணுவுக்கு, கப்பல் முழுகும்போது ஒரு கட்டையாகவாவது வரத் தெரியவில்லையா? ஒரு பிள்ளை பிழைத்தது கடவுள் செயல் என்றால், அவன் தாயும் தகப்பனும் அண்ணனும் செத்தது யார் செயல்? ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்கிற கதையாய், அப்பன் சேர்த்து வைத்த அறிவைச் செலவழித்துக் கடவுளுக்கு அபிஷேகம் நடத்துகின்றார்கள்.

கடைசியில்தான் சூழ்ச்சி வெளிப்படுகின்றது. கப்பல் விஷயமாய் விசாரிக்க வந்த ஜப்பானியர் புலிக் கதையை நம்பாததால், பையன் இன்னொரு கதை சொல்லுகிறான். அதில் புலியும் இல்லை, கழுதைப்புலியும் இல்லை. கப்பல் சமையற்காரன் ஒருவன் ஒரு மாலுமியையும் பையனுடைய தாயையும் கொன்றான். அவனைப் பையன் கொன்றான். பின்பு, இரண்டில் எது உனக்குப் பிடிக்கிறது என்று ஒரு கேள்வி. புலிக் கதைதான் என்று பதில் வருகின்றது. கடவுள் விஷயமும் அப்படித்தான் என்று முடிக்கின்றார்கள்.

'எது உண்மை?' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'எது பிடிக்கிறது?' என்று கேட்பது என்ன நியாயம்? கொலை வழக்கில் எந்தச் சாட்சியின் கதை அழகாயிருக்கிறது என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்லுகிற நீதிபதியை நாம் ஒப்புவோமா? துக்கப்பட்ட பையன் தன் வேதனையைத் தாங்கமாட்டாமல் ஒரு கதையால் மூடிக்கொண்டால், அவன்மேல் நமக்கு இரக்கமே உண்டு. ஆனால் ஒரு தேசமே இப்படி மூடிக்கொண்டால் கதி என்ன?

நம் நாட்டில் நடப்பது அதுதான். பெரிய புராணத்தில் நந்தன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். புலையர் குலத்தில் பிறந்த அவர் தில்லைக்குள் போக ஆசைப்பட்டார். ஆண்டவன் கட்டளைப்படி தில்லை அந்தணர்கள் தீ மூட்டினார்கள். நந்தன் அதில் மூழ்கிப் பூணூலோடு முனிவராய் எழுந்தார். இது புலிக் கதை. கேட்க வெகு இனிமை. இதிலிருந்து புலியை எடுத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள். தீண்டாதார் என்று தள்ளப்பட்ட ஒரு மனிதன், சாத்திய கோயில், மூட்டிய தீ, இவைதானே மிச்சம்? எந்தக் கதை யாருக்குப் பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்பதை நாம் விளக்கவும் வேண்டுமா?

மூன்று மதமும் புதுவையில் கைகோத்து உலாவுவதாகப் படத்தில் பார்த்தவர்கள், ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பையும் சற்றுப் புரட்டட்டும். 1745-ல் சம்பா கோயிலுக்குள்ளேயே சாதிக் கிறிஸ்தவர்களையும் ஆதிதிராவிடக் கிறிஸ்தவர்களையும் பிரிக்க ஒரு சுவர் இருந்தது. அதை நீக்கும்படி பின்னவர்கள் குருமாரிடம் போய் முறையிட வேண்டியிருந்தது. 1748-ல் பக்கத்திலிருந்த வேதபுரீஸ்வரன் கோயில் இடிக்கப்பட்டது. 1761-ல் ஆங்கிலேயர் பட்டணத்தைப் பிடித்தபோது அந்த மாதாகோயிலும் இடிந்தது. சுவர் எழுப்பியவனும் மனிதன், இடித்தவனும் மனிதன். எந்தக் கடவுளும் குறுக்கே வரவில்லை.

ஆகவே தோழர்களே, படத்தைப் பாருங்கள், சிரியுங்கள், கண்ணீரும் விடுங்கள். வீட்டுக்குத் திரும்பும்போது பிள்ளைகளுக்கு எதைக் கொண்டுபோகின்றீர்கள் என்பதுதான் கேள்வி. மீனாய் வந்த விஷ்ணுவையா, கண்ணை மூடிக்கொண்டு நம்பாதே என்று சொன்ன அந்தத் தகப்பனையா? கரை சேர்த்தது எது என்பதைப் பையனே ஒப்புக்கொண்டுவிட்டான். அவனுக்குச் சொல்ல நேரமில்லாமல் போன நன்றியை, அந்தத் தகப்பனுக்கு நாமாவது சொல்லுவோமாக.